வெண்மை மாறிய கிட்டார்



தாராவியில் குடியிருந்து, செம்பூரில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் மிகுந்த மனவருத்தத்தோடு என்னிடம் வந்தார். அவருடைய மகன் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் தன் சம்பளத்தில் சேமித்து, நிறம் சொல்லிச் செய்வித்த எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று உண்டு. பாலைப்போல் வெண்மையாக வந்த அது, இப்போது பழைய தந்தத்தைப்போல் மஞ்சளித்துவிட்டது. மேற்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகளும் தோன்றியிருந்தன. "ஏமாற்றிவிட்டார்கள் ஐயா! உப்புத்தாளால் தேய்த்து நானே புதிதாக அடித்துவிடப் போகிறேன்" என்றார்.

பொறுங்கள் என்று சொல்லி, கிட்டார் வாங்கிய சீட்டைக் கொண்டுவரச் செய்தேன். அதில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்று கண்டிருந்தது. அவர் தினமும் கையாளும் அதே என்.சி. லாக்கர்தான்!

பஞ்சின் நாரை அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்யப்படும் பூச்சு இது. தின்னர் ஆவியாகிப் பறந்தபின் மெல்லிய படலமாக மரத்தில் நின்றுவிடுகிறது. 1920-களில் டூபான்ட் நிறுவனம் இதை மோட்டார் வாகனங்களுக்காக 'டூக்கோ' என்ற பெயரில் விற்றது. நம் மும்பைத் தொழிலாளர்கள் ஸ்பிரே பெயிண்டை இன்றும் டூக்கோ என்று சொல்வது அதனால்தான். 1950-களில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம், தனி நிறம் கேட்டவர்களுக்கு இத்தகைய வாகனப் பெயிண்டையே அடித்து, 5 சதவீதம் கூடுதலாக வாங்கியது.

நிறத்தின்மேல் அடிக்கும் தெளிந்த லாக்கர், வெளிச்சமும் காற்றும் பட்டு வருஷக்கணக்கில் மஞ்சளாகிறது. ஆகவே வெள்ளை தந்தநிறமாகும்; நீலம் பச்சையாகத் தோன்றும். 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் பால் கிட்டார்களிலோ, வெயில் பட்டுச் சிவப்புச் சாயமே வெளுத்துப்போயிற்று. மரம் விரிந்து சுருங்க, இறுகிப்போன படலம் அதோடு இசையாமல் வெடிக்கிறது. ஏ.சி. அறைக்கும் வெளி வெக்கைக்குமாக அலையும் கிட்டாருக்கு இது சீக்கிரமே நேரிடும். பாலியெஸ்டர் பூச்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. அடிபட்டால் சில்லாகப் பெயரும், அவ்வளவே.

அயர்லாந்தின் ரோரி கேலகர் வாசித்த 1961-ஆம் வருஷத்து ஃபெண்டர் கிட்டாரில், அவருடைய வியர்வையாலேயே பூச்சின் பெரும்பகுதி போய் வெறும் மரம் தெரிகிறது. 2024 அக்டோபரில் லண்டனில் நடந்த ஏலத்தில் அது 7 இலட்சம் பவுண்டுக்குமேல் விலைபோயிற்று. 1995 முதல் ஃபெண்டரே புதிய கிட்டார்களைத் தேய்த்துப் பழையவைபோலாக்கி அதிக விலைக்கு விற்கிறது. பிறர் தேய்த்ததற்கு நாம் பணம் கொடுப்பது எனக்கு வேடிக்கையாகவே தோன்றுகிறது.

உங்கள் பிள்ளை கிட்டாருக்குச் சொல்லிவைக்குமுன் எந்தப் பூச்சு என்று கேட்டு எழுதி வாங்கட்டும். லாக்கர் என்றால் ஜன்னலோரம் மாட்டவேண்டாம். வாசித்தபின் வியர்வையைப் பருத்தித் துணியால் துடைக்கட்டும். ஸ்டாண்டின் ரப்பர் லாக்கரை இளக்கிக் கறைப்படுத்தும். அதன்மேல் துணி சுற்றுவது நல்லது. பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடித்தாலோ விற்பனை மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

இவற்றையெல்லாம் சொல்லியும் சகோதரருக்கு மனம் ஆறவில்லை. அப்பொழுது மகன் திருகாணிகளைக் கழற்றி, தந்திகளுக்குக் கீழிருந்த பிளாஸ்டிக் தகட்டை எடுத்துக் காட்டினான். வெளிச்சம் படாத அவ்விடத்தில் பழைய வெண்மை அப்படியே இருந்தது. தகப்பனார் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். பின்பு உப்புத்தாளை மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார்.