ஜெயிக்கச் சொன்னால் போதுமா?

காலை எட்டு மணி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம். மைதானம் என்றதும் பச்சைப்புல் விரித்த இடம் என்று நினைத்துவிட வேண்டாம். செம்மண்ணும் சரளைக்கல்லும்தான். மூலையில் கருவேல முள். கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. பதினோரு பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் இன்னும் நாலைந்து பேர். சற்று நேரத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு கால்பந்துப் பந்தயம்.

பெரிய மனிதர் ஒருவர் வந்திருந்தார். பையன்களுக்குப் பனியன் வாங்கிக் கொடுத்தவர் அவர். முதுகில் நம்பர், நெஞ்சில் அவர் கம்பெனியின் பெயர். மைக்கைப் பிடித்தவர் இருபது நிமிஷம் விடவில்லை. வெறி வேண்டுமாம். நெஞ்சில் தீ எரிய வேண்டுமாம். ஊர் மானம் இவர்கள் காலில் இருக்கிறதாம். தோற்றுவிட்டு வந்தால் தம் முகத்தில் விழிக்கக் கூடாதாம்!

நாம் பையன்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் காலை மாற்றி மாற்றி நின்றான். இடது பக்கம் ஆடுகிற பையனை நமக்குத் தெரியும். தகப்பனாருக்கு நூல் மில்லில் இரவு ஷிப்ட். தாயார் முருங்கைக்காய் ஒடிக்கப் போகிறவர். பையன் ஒரு கிளாஸ் டீயோடு வந்திருந்தான். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்காக வந்தது. இவன் ஒன்பதாம் வகுப்பு. இவனுக்கு மத்தியானச் சோறுதான், அதுவும் பள்ளிக்கூட நாளில். அன்று சனிக்கிழமை. வெறும் வயிற்றில் தீ எரியத்தான் செய்யும். அந்தத் தீயை அந்தப் பெரிய மனிதர் சொல்லவில்லை!

இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தோம். ஞாபகம் வந்தது. ஷிப்ட் தொடங்கும் முன்னால் ஆட்களை நிற்க வைத்து சூப்பர்வைசர் பேசுகிற பேச்சல்லவா இது! உற்பத்தி குறைந்தால் பஞ்சு மட்டமா என்று பார்ப்பதில்லை. ஸ்பிண்டில் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரண்டு ஆள் பார்க்க வேண்டிய ஃபிரேமை ஒரு ஆள் பார்க்கிறாரா என்றும் பார்ப்பதில்லை. ஆட்களுக்கு ஊக்கம் போதவில்லையாம், அவ்வளவுதான் காரணமாம்! அறுந்த இழை சத்தம் போட்டால் ஒட்டிக்கொள்ளுமா? விரல் ஒட்ட வேண்டும். விரலுக்குப் பழக்கம் வேண்டும். ஒட்டுவதற்குள் அடுத்த இழை அறாமல் இருக்கவும் வேண்டும். இதை மில்லில் வேலை செய்கிற யாருக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பந்தயத்துக்கு முன்னால் பையன்களிடம் பேசவே கூடாது என்பது நம் கட்சியல்ல. பேச வேண்டும். யார் பேசுவது, எதைப் பேசுவது, அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் இப்படிப் பேசப்பட்ட பேச்சுகளில் ஒன்று இன்றைக்கும் நினைக்கப்படுகிறது. வருஷம் 1962. இடம் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா. ஆசியப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம், செப்டம்பர் 4. எதிரே தென் கொரியா. அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் அவர்களிடம் நாம் 2-0 என்று தோற்றிருந்தோம். போதாக்குறைக்கு ஊரே நமக்கு எதிராக இருந்தது. தைவானையும் இஸ்ரேலையும் போட்டிக்கு அழைக்காதது பற்றி நம் நாட்டு விளையாட்டு அதிகாரி சோந்தி பேசிய பேச்சு அங்கே கோபத்தைக் கிளப்பியிருந்தது. ஜனங்கள் திரண்டு நம் தூதரகத்தையே தாக்கினார்கள். நம் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் இறங்கினால் கூக்குரல்தான். அந்தக் கூட்டத்திலும் நமக்காகக் கைதட்டியவர்கள் சிலர் இருந்தார்கள். யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள்! (இரண்டு நாட்டிலும் சண்டைக்குக் கொடி பிடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும்.)

அந்த நிலைமையில் பயிற்சியாளர் தம் ஆட்டக்காரர்களிடம் என்ன பேசினார்? அவர்கள் பிற்காலத்தில் சொன்னதிலிருந்து தெரிவது ரொம்பச் சின்ன விஷயம். நாளைக்கு உங்களிடமிருந்து எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கத்தை வென்று கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உருட்டல் மிரட்டல் இல்லை. மானம், வெறி, ரத்தம் என்ற வார்த்தைகள் இல்லை. மறுநாள் பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1 என்று தங்கம் நம் கைக்கு வந்தது. 2024-ல் 'மைதான்' என்று ஹிந்தியில் இவரைப் பற்றிப் படமே வந்தது.

அந்த மனிதர் சையத் அப்துல் ரஹீம். ஐதராபாத்காரர். தொழில் பள்ளிக்கூட வாத்தியார். ரஹீம் சாகிப் என்றால் அந்தக் காலத்தில் கால்பந்து தெரிந்தவர்கள் எழுந்து நிற்பார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். கேட்டவுடன் தங்கம் வந்துவிட்டது, ஆகவே நாமும் கேட்போம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷ உழைப்பு நின்றதைப் பார்ப்பதில்லை.

1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் நம் அணி தங்கம் வாங்கியது. அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கியது! ஊக்கம் ஒரே வருஷத்தில் ஆவியாகிவிட்டதா? அங்கே குளிர். நம்மவர்களில் பலர் காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்காலோடு ஆடினார்கள். எதிரே நின்றவர்கள் பூட்ஸ் போட்டவர்கள், புதிய முறையில் ஆடப் பழகியவர்கள். அந்த இடத்தில் எந்தப் பிரசங்கம் பலிக்கும்? அதற்குப் பிறகு நம் அணிக்குப் பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று. ரஹீம் ஆடும் முறையை மாற்றினார். பந்தை வைத்துக்கொண்டு தனியாக வித்தை காட்டாமல் உடனே தள்ளிக் கொடுக்கப் பழக்கினார். நாலே வருஷம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்தோம். நெவில் டிசூசா ஒருவரே மூன்று கோல். அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலைப் போட்டது நம் பக்கம். கடைசியில் 4-1 என்று தோற்றாலும், நாலாவது இடத்தோடு அணி ஊர் திரும்பியது. பத்துக்கும் நாலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வாய்ப்பேச்சில் வந்ததல்ல.

ஜகார்த்தாவிலும் அப்படித்தான். ஜர்னைல் சிங் பின்னால் நின்று தடுக்கிற ஆட்டக்காரர். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை ரஹீம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அரையிறுதியிலும் அவர் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்துக்குக் கோலில் நிறுத்தினார். தங்கராஜ் நல்ல உயரம், மேலே வரும் பந்தைப் பறித்துவிடுவார். நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதறாஸ் ரெஜிமென்ட்டில் வளர்ந்த ஆட்டக்காரர் அவர். துளசிதாஸ் பலராம் என்று இன்னொருவர். செகந்திராபாத் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், ஏழைக் குடும்பம். பயிற்சிக்கு வந்து போகக் காசில்லாமல் நின்ற அந்தப் பையனுக்குச் சைக்கிளுக்கு வழி செய்தவர் ரஹீம். சைக்கிளுக்கு வழி செய்தவருக்குத்தான் பரிசு கேட்க உரிமை உண்டு! பையன்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கேட்டதும் கொடுத்தார்கள்.

அந்தத் தங்கத்தோடு அவர் அதிக நாள் இருக்கவில்லை. 1963 ஜூன் 11-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அமெரிக்காவிலும் ஒரு பிரசித்தமான கதை உண்டு. அவர்கள் ஆடுகிற ஃபுட்பால் வேறு. பெரும்பாலும் கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு எப்படியோ கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். நோட்டர்டேம் என்ற சர்வகலாசாலையின் பயிற்சியாளர் நூட் ராக்னி. 1928-ல் ஆர்மி அணியோடு நடந்த ஆட்டத்தில், எட்டு வருஷம் முன்னால் இறந்துபோன கிப் என்ற ஆட்டக்காரரை நினைவூட்டி, அவனுக்காக இந்த ஒரு ஆட்டத்தை ஜெயியுங்கள் என்று பேசினார். பையன்கள் கண்ணீரோடு இறங்கி 12-6 என்று ஜெயித்தார்கள். அந்த நாட்டில் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் அதே பாணிதான். 1940-ல் படமாகவும் எடுத்தார்கள். அதில் கிப் வேஷம் போட்டவர் பிற்பாடு ஜனாதிபதியான ரேகன்! ஆனால் கதை சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கு அடுத்த இரண்டு ஆட்டத்திலும் நோட்டர்டேம் தோற்றது. அந்த வருஷம் மொத்தம் ஐந்து வெற்றி, நாலு தோல்வி. ராக்னியின் காலத்திலேயே அதுதான் மோசமான வருஷம். கண்ணீர் ஒரு மத்தியானத்துக்குத்தான் தாங்கும் போலிருக்கிறது.

சரி, நம் ஊர்ப் பையன்களிடம் என்னதான் சொல்வது? முதலில் கேட்க வேண்டும். சாப்பிட்டாயா, ராத்திரி தூங்கினாயா, முட்டிக்காயம் ஆறிவிட்டதா என்று கேட்க வேண்டும். பிறகு வேலையைச் சொல்ல வேண்டும். கார்னர் பந்து வரும்போது நீ யாரோடு நிற்கிறாய், பந்து பறிபோனால் முதலில் யார் பின்னால் ஓடுவது, முதல் பத்து நிமிஷம் எப்படி ஆடுவது. பதினாலு வயதுப் பையனின் பயம், அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தால் பாதி போய்விடும். கோல்கீப்பரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பந்து உன்னிடம் வருவதற்கு முன் பத்துப் பேரைத் தாண்டித்தான் வருகிறது, ஆகவே கோல் விழுந்தால் பழி உனக்கு மட்டும் அல்ல என்று. ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

சொல்லக் கூடாததும் இருக்கிறது. ஊர் மானம் என்று தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று நம் ஜில்லாக்காரர்களுக்குத் தெரியாதா? அந்த ஊர் என்றால் அந்தத் தெரு, அந்தத் தெரு என்றால் அந்தச் சாதி. பந்தயம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் கம்பு எடுப்பார்கள். பிள்ளைகளின் காலில் மானத்தைக் கட்டிவிட்டவர் அப்போது காரில் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். எதிரே வந்திருக்கிறவனும் யார் பிள்ளை? அவன் தாயாரும் அதே தோட்டத்தில் முருங்கை ஒடிக்கிறவர்தான், அவன் அண்ணனும் அதே மில் வண்டியில் ஏறுகிறவன்தான்.

இன்னொரு வார்த்தையும் அன்று காதில் விழுந்தது. ‘பொம்பளைப் பிள்ளை மாதிரி ஆடாதீங்கடா!’ நமக்குச் சிரிப்பு வந்தது. 2018-ல் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில், பலம் வாய்ந்த மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்றவர்கள் நம் தமிழ்நாட்டுப் பெண்கள். அவர்கள் மாதிரி ஆடினால் நல்லதுதானே?

அன்றைய பந்தயத்துக்கு வருவோம். பெரிய மனிதர் பேசி முடித்து, போட்டோ எடுத்து முடித்தபோது டிரில் வாத்தியாருக்கு மிஞ்சியது இரண்டு நிமிஷம். அவர் பையன்களைக் கோல் கம்பத்து நிழலில் குந்தச் சொன்னார். தாமும் குந்தினார். பையிலிருந்து வாழைப்பழம் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். இடது பக்கத்துப் பையனைப் பார்த்து, “தம்பி, கால் பிடிச்சா கையைத் தூக்கு. வேற ஆளை இறக்கிக்கலாம். வெக்கப்படாதே” என்றார். “சரி சார்” என்றான் அவன். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு கோலில் தோற்றார்கள். பையன் கடைசிவரை கையைத் தூக்கவில்லை.

பெரிய மனிதர் அதற்குள் போய்விட்டார். வாத்தியார் பூட்ஸ்களைக் கழற்றச் சொல்லி எண்ணி வாங்கினார். பதினோரு ஜோடி, அதில் மூன்று ஜோடிக்கு அடி தைத்தது. அடுத்த ஆட்டம் சின்னப் பையன்களுக்கு, அதே பூட்ஸ்தான். காலுக்குப் பெரிதாக இருந்தது. நுனியில் துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு இறங்கினார்கள்.