தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை

தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையைத் தோழனாகக் கருத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. சொல்வது எளிது, வீட்டில் கடைப்பிடிப்பதே அரிது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக உண்டு. இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். அதில் இடம் பெற்ற இளைஞன், தான் யார் என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஊரே அவனுக்கு விடை கூறிவிடும். அவன் தம்பியோ மீஞ்சூரில் மின்சார ரயிலேறிச் சென்னைக் கல்லூரிக்குச் செல்கிறான். அங்கே அவனது பேச்சைக் கேட்டு நகைப்பார் உண்டு. மாலையில் குப்பம் திரும்பினால், வலை பிடிக்கத் தெரியாத துரை என்று இங்கும் நகைப்பர். எந்தக் கரையிலும் கால் ஊன்ற இயலாத அப்பிள்ளை, தான் யார் என்ற கேள்வியோடு இரவெல்லாம் விழித்திருக்கிறான். விடுதியில் தங்கிப் பயிலும் நம் பெண்மக்களின் நிலையும் இதுவே.

இத்தகைய பிள்ளை உணவும் உறக்கமும் குன்றி, எவரோடும் பேசாது ஒடுங்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "படித்த திமிர்" என்கிறோம். "காற்றுக் கருப்பு" என்கிறோம். தலைமேல் கைவைத்துச் செபிக்குமாறு எம்மிடம் அழைத்து வருவோரும் உளர். செபிக்கிறோம்; மனநல ஆலோசகரிடமும் அழைத்துச் செல்லுங்கள் என்கிறோம். உடனே தாயின் முகம் வாடுகிறது: "ஊருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார்களே, சாமி!" காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவு அன்று, மனத்துயருக்கு நாடுவதும் அவ்வாறே.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக் காலம் தாழ்த்தலாமா?

ஆலோசகர் மந்திரவாதியும் அல்லர், நீதிபதியும் அல்லர். பொறுமையாய்க் கேட்பார். தன் விருப்பம் எது, பிறர் தன்மீது ஏற்றிய சுமை எது என்று பிள்ளை தானே பிரித்தறியத் துணைநிற்பார். மருந்து தேவையெனில் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். நூறு மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் பணித்துள்ளது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அவர் உளரா எனக் கேட்டறியுங்கள். 1986 முதல் சென்னையில் 'சிநேகா' அமைப்பு மனமுடைந்தோருக்குச் செவிசாய்த்து வருகிறது. 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநலச் சேவை, 2022 முதல் இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரே, ஒன்றை மறத்தலாகாது. ஆலோசகரிடம் பிள்ளை என்ன கூறினான் என்று துருவாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியிடார் என்ற உறுதியினாலன்றோ நாம் நெஞ்சைத் திறக்கிறோம்? ஆலோசனை அருட்சாதனம் அன்று. எனினும் அதற்கும் நம்பிக்கையே அடிப்படை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இம்மறைவைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து நேருவது போன்ற சில சூழல்களில் இதற்கு விலக்கு உண்டு.

பன்னிரண்டு வயதில் இயேசு ஆலயத்தில் தங்கிவிட்டபோது, மரியாளும் சூசையப்பரும் மூன்று நாள் தேடினர். அவர் கூறிய மறுமொழி அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காத அம்மொழியை அன்னை தம் உள்ளத்தில் இருத்திக்கொண்டார். மகனோ அவர்களுடன் நாசரேத்துக்குத் திரும்பினார். இன்றிரவு உணவின்போது, மதிப்பெண்ணைப் பற்றிக் கேளாமல், "உன் மனம் எப்படியிருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.