ஒன்று போதாது, 500 வேண்டும்

மாணவர்களே, அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் ஒரு கருவியைச் செய்கிறீர்கள். நடுவர் முன் அது நன்றாக இயங்குகிறது. உடனே அவர், “இதே போல் இன்னும் 500 செய்து, முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்க முடியுமா?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கார் நிறுவனங்களிடம் ஒரு காலத்தில் கேட்கப்பட்ட கேள்வி இது. மிக நல்ல கேள்வி என்பது என் கருத்து.

1982இல் வந்த ‘குரூப் ஏ’ பந்தய விதிகளின்படி, ஒரு காரைப் பந்தயத்தில் இறக்க 12 மாதங்களில் 5,000 கார்களைத் தயாரிக்க வேண்டும். அதை மேலும் மேம்படுத்த விரும்பினால், மேம்பட்ட வடிவில் 500 கார்கள் வேண்டும். ஜெர்மனியின் ‘டிடிஎம்’ பந்தயத்தில் வெல்வதற்காக, 1990இல் மெர்சிடிஸ் நிறுவனம் ‘190ஈ 2.5-16 எவல்யூஷன் 2’ என்ற நான்கு கதவுக் காரைத் தயாரித்தது. மொத்தம் 502 கார்கள்.

அதன் பின்புறம் பெரிய இறக்கை ஒன்று நிற்கும். விமான இறக்கை மேலே தூக்கும். இது காரைக் கீழே அழுத்தும். அதனால் வளைவுகளில் டயர்களின் பிடி கூடும். அழகுக்காக வைத்ததன்று.

இயந்திரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. முந்தைய 2.5-16 காரில் பிஸ்டன் நகரும் தூரம் 87.2 மில்லிமீட்டர். அதை 82.8 ஆகக் குறைத்து, உருளையின் விட்டத்தை 95.5இலிருந்து 97.3 மில்லிமீட்டராகக் கூட்டினார்கள். நிமிடத்திற்கு 7,200 சுழற்சி என்றால் விநாடிக்கு 120. ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வரும். பெருக்கிப் பாருங்கள்: சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 20.9 மீட்டரிலிருந்து 19.9 மீட்டராக இறங்குகிறது. பாகங்களின் மீதான சுமை குறைவதால், இயந்திரம் துணிந்து வேகமாகச் சுழலலாம். 235 குதிரைத்திறன் கிடைத்தது. 1992இல் கிளாவ்ஸ் லுட்விக் இந்தக் காரில் டிடிஎம் வெற்றியாளரானார்.

“வசதி படைத்த 502 பேர் வாங்கிய காரால் மற்றவர்களுக்கு என்ன பயன்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் போற்றுவது காரையன்று, அந்த விதியை. பந்தயத் திடலில் ஒரு மணி நேரம் தாங்கினால் போதாது. மழையிலும் நெரிசலிலும் சாதாரண ஓட்டுநர் கையிலும் அந்தக் கார் உழைக்க வேண்டியிருந்தது.

விதி மாறியபோது என்ன நடந்தது? 1993 முதல் டிடிஎம் ‘கிளாஸ் 1’ விதிகளுக்கு மாறியது. வெளியே கடையில் விற்கும் காரின் தோற்றம்; உள்ளே பெரும்பாலும் பந்தயத்துக்கென்றே செய்த பாகங்கள். தொழில்நுட்பம் பிரமிக்க வைத்தது. செலவும் எகிறியது. ஓப்பல், ஆல்ஃபா ரோமியோ நிறுவனங்கள் விலகின. 1996உடன் அந்தப் போட்டித் தொடரே நின்றுபோனது.

கட்டுப்பாடு புத்தாக்கத்தின் எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருமுறை இயங்கியது தற்செயலாக இருக்கலாம். 500 முறை, 500 பேர் கையில் இயங்கினால்தான் அது பொறியியல். அடுத்த முறை உங்கள் கருவி இயங்கியதும் கைதட்டலுக்குக் காத்திருக்காதீர்கள். அதை உங்கள் தோழரிடம் கொடுத்து, நீங்கள் அருகில் இல்லாமல் இயக்கச் சொல்லுங்கள்.