சேட்டையா, நோவா?

ஆபீஸ்ல ஆணி பிடுங்குற வேலை அதிகமானதால கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. இன்னைக்கு எழுத உட்கார்ந்தது எங்க வீட்டு மணியைப் பத்தி. மணின்னா துட்டு இல்லீங்க, நாய். துட்டும் நடுவுல வரும், அது வேற விஷயம்.

2020 ஊரடங்கு சமயம். மாதாப்பூர்ல அய்யப்பா சொசைட்டிப் பக்கம் பாதியில நின்னு போன ஒரு கட்டடத்து மணல் குவியல்ல இருந்து பொண்ணு தூக்கிட்டு வந்த குட்டி அது. அசல் நாட்டு நாய். அப்போ நான், தங்கமணி, பொண்ணு மூணு பேரும் இருபத்து நாலு மணி நேரமும் வீட்டுலதான். மணிக்கு ராஜ வாழ்க்கை. 2022 கடைசியில ஆபீஸ்ல எங்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. பொண்ணுக்கும் ஸ்கூல், டியூஷன். காலையில எட்டரைக்குக் கதவைப் பூட்டினா சாயங்காலம் ஏழரைக்குத்தான் திறப்போம். ஏழாவது மாடியில பதினோரு மணி நேரம் தனியா இருக்கப் பழகிக்கும்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம்.

போன வருஷம் கோடையில ஆரம்பிச்சது வினை. நாய் நாள் பூரா குரைக்குதுன்னு அசோசியேஷன்ல இருந்து லெட்டர். சோபாவுல ஈரம். தடவப் போனா உறுமல். ஒரு நாள் பொண்ணு கட்டிப்பிடிக்கப் போனப்போ கையில பல்லு பட்டுடுச்சு. சின்னக் கீறல்தான். சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவி, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட ஆரம்பிச்சாச்சு. (இதுல மட்டும் யோசிக்கவே கூடாது. தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய்தானேன்னு விடாதீங்க. ரேபிஸ் வந்துட்டா மருந்து கிடையாது.)

பாளையங்கோட்டையில இருந்து மாமியார் போன்ல சொல்லிட்டாங்க. "பல்லு பட்ட நாய வீட்டுல வச்சுக்கிடாதீய மாப்பிள்ளை." தங்கமணியும் தலையாட்டியாச்சு. ஆபீஸ் நண்பர் ஒருத்தருக்குத் தெரிஞ்சவங்க தோட்டம் செவெல்லா பக்கம் இருக்கு. அங்கே விட்டுடலாம்னு பேசி முடிச்சேன். பொண்ணு ரெண்டு நாள் எங்களோட பேசலை. தோட்டக்காரர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார், தடுப்பூசிச் சீட்டு வேணும். எங்க வீட்டுல அது எங்கே போச்சுன்னு தெரியலை. அந்தச் சீட்டுக்காக மட்டும்தான் ரெண்டு தெரு தள்ளி இருக்கிற கால்நடை டாக்டர்கிட்ட போனேன்.

டாக்டரம்மா தெலுங்கு. "ஏமைந்தி?"ன்னு கேட்டாங்க. என்னோட அரைகுறைத் தெலுங்குல "சால அல்லரி மேடம்", அதாவது ரொம்பச் சேட்டைன்னு சொன்னேன். அவங்க மணியோட கண்ணு, வாய், காலிடுக்கு எல்லாம் பார்த்துட்டு வலது காதைத் தொட்டாங்க. அவன் வீல்னு கத்தினான். டாக்டரம்மா நிமிர்ந்து, "அல்லரி காது, நொப்பி"ன்னாங்க.

நான் காதைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். தெலுங்குல 'காது'ன்னா 'இல்லை'ன்னு அர்த்தம். 'நொப்பி'ன்னா வலி. நம்ம ஊர்ல நோவுன்னு சொல்றோமே, அதே வேர்தான். சேட்டை இல்லை, நோவு. அன்னைக்கு ரெண்டு மொழியிலயும் அந்த வார்த்தை சரியாத்தான் இருந்தது. வலது காதுக்குள்ள சீழ். இடது காது மடிப்புலயும் விரல் இடுக்குலயும் உண்ணி. ஈறு வெளுத்திருந்தது. காய்ச்சல் 104 டிகிரி (நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம்). ரத்தப் பரிசோதனையில தட்டணுக்கள் பாதாளத்துல. எர்லிச்சியான்னு உண்ணியால வர்ற காய்ச்சல்.

காது வலிக்கிற புள்ளையைத் தலையைப் பிடிச்சுக் கட்டிக்கிட்டா அது கத்தும். மணியும் கத்தித்தான் சொல்லியிருக்கான். அதுக்குத்தான் எங்களுக்கு லெட்டர் வந்தது.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். வீட்டு மிருகத்தோட குணம் திடீர்னு மாறிச்சுன்னா முதல்ல அதோட உடம்பைப் பாருங்க, அப்புறம் நம்ம வீட்டு நடப்பைப் பாருங்க. 'கெட்ட நாய்', 'திமிர் பிடிச்ச பூனை' எல்லாம் கடைசியா வர வேண்டிய தீர்ப்பு. நாம அதைத்தான் முதல்ல எழுதிடுறோம்.

மணி கதை ஒண்ணு மட்டும் இல்லை. பழக்கப்பட்ட இடத்தை விட்டுட்டு வேற இடத்துல பூனை சிறுநீர் கழிச்சா பிடிவாதம்னு திட்டுறோம். பல சமயம் அது மூத்திரப் பையில பிரச்சினை. அதுவும் கடுவன் பூனை முக்கி முக்கிச் சொட்டுக்கூட வரலைன்னா அது அவசரம். அடைப்பு நீடிச்சா ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிடும். வயசான நாய் மாடிப்படி ஏற மாட்டேன்னு உட்கார்ந்தா சோம்பேறித்தனம் இல்லை, மூட்டுவலியா இருக்கலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவம் முடிஞ்சு சில வாரத்துல தண்ணியா குடிச்சுத் தள்ளி, சாப்பிடாம சுருண்டு படுத்தா கர்ப்பப்பையில சீழ் வச்சிருக்கலாம். அதுவும் காத்திருக்கிற நோய் இல்லை. 2003-ல ஹட்ச் விளம்பரம் வந்ததும் ஊர் பூரா பக் நாய் வாங்கினாங்களே, நாலு அடி நடந்ததும் படுத்துக்குதுன்னு கிண்டல் பண்ணுவோம். அந்தச் சப்பை மூக்குல பாவம் மூச்சே சரியா போகாது. ஐதராபாத் மே மாச வெயில்ல மத்தியானம் அதை வாக்கிங் கூட்டிட்டுப் போறவங்களைப் பார்த்தா எனக்குப் பகீர்ங்குது.

இப்போ என் தப்பையும் சொல்லிடறேன். டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின வாரம் மணி உடம்பு சுடுதுன்னு நானே பாராசிட்டமால் பாதி மாத்திரையை இட்லிக்குள்ள வச்சுக் கொடுத்தேன். இதைச் சொன்னதும் டாக்டரம்மா முகம் மாறிடுச்சு. பூனையா இருந்தா அந்த மாத்திரையே ஆளை முடிச்சிருக்கும்னாங்க. பாராசிட்டமாலை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட ஈரலுக்கு ரொம்பக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம ஈறு பழுப்பாகி, மூச்சுத் திணறிச் செத்துப் போகும். நாய்க்கு இபுப்ரோஃபன் கொடுத்தா வயித்துல புண்ணு, சிறுநீரகம் கெடும். தட்டணு குறைஞ்ச நாய்க்கு ரத்தக் கசிவும் சேர்ந்துக்கும். நமக்கு எடை பார்த்துப் பாதியா உடைச்சா போதும்னு ஒரு நினைப்பு. எடை மட்டும் கணக்கு இல்லைங்க, உள்ளே ஓடுற வேதியியலே வேற.

சாப்பாடும் அப்படித்தான். நம்ம வீட்டுல மிச்சம் விழுறது சாம்பார் சாதம். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எல்லாமே நாய் பூனைகளோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். சமைச்சாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்துல கிடக்கிற உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எதனாலன்னு ரொம்ப நாள் புரியாம இருந்தது. 2021, 2022-ல அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கணும்னு எழுதினாங்க. அந்த அமிலம் எக்கச்சக்கமா இருக்கிற இன்னொரு பொருள் எது தெரியுமா? நம்ம புளி. புளி தின்னு சிறுநீரகம் பாதிச்ச நாய்களையும் அவங்க பதிவு பண்ணியிருக்காங்க. ஆக சாம்பார்ல வெங்காயமும் புளியும் ரெட்டை வில்லன். வெறும் சோறு, உப்பு காரம் இல்லாம வேகவச்ச கோழி, முட்டை போதும். சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் ரெண்டும் கண்ணுலயே காட்டாதீங்க.

உண்ணி விஷயத்துல நமக்கு ஒரு பழைய தொடர்பு இருக்கு. உண்ணியால பரவுற இன்னொரு காய்ச்சல் பாபீசியா கிப்சோனி. அந்தக் கிருமியை 1910-ல பேட்டன்ங்கிற வெள்ளைக்காரர் முதன்முதலா விவரிச்சது மெட்ராஸ் வேட்டை கிளப் நாய்களோட ரத்தத்துல இருந்துதான். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் தென்னிந்திய நாய்களை அது விடலை. உண்ணியை நாய் மேல மட்டும் தேடாதீங்க. குடிச்சு முடிச்சதும் இறங்கிச் சுவர் விரிசல்லயும் கதவு நிலை இடுக்குலயும் ஆயிரக்கணக்குல முட்டை போடும். நாய்க்கு மாசாமாசம் டாக்டர் சொல்ற மருந்து, வீட்டு இடுக்குகளுக்குத் தனி வைத்தியம், ரெண்டும் வேணும். மண்ணெண்ணெய் தடவுற வேலையெல்லாம் வேண்டாம், தோல் வெந்துடும்.

சரி, காது வலியும் காய்ச்சலும் உறுமலுக்குக் காரணம். குரைச்சலுக்கும் சோபா ஈரத்துக்கும்? அதையும் டாக்டரம்மா கேட்டாங்க. "எவ்வளவு நேரம் தனியா இருக்கான்?" பதினோரு மணி நேரம்னு சொல்லும்போது எனக்கே குரல் இறங்கிடுச்சு. காலையில எட்டரைக்குப் போன ஒருத்தர் சாயங்காலம் ஏழரை வரைக்கும் பாத்ரூம் போகக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னா நாம எத்தனை மெயில் போடுவோம்?

"ஊர்ல நாய்க்கு என்ன டாக்டரா பார்த்தோம்?"னு கேட்கிறவங்க இருக்காங்க. என் அப்பாவே கேட்டார். ஊர் நாய்க்குத் தெரு இருந்தது, கூட நாலு நாய் இருந்தது, நினைச்சா வயக்காட்டுப் பக்கம் போயிட்டு வரும். இன்னொண்ணும் உண்மை, வைக்கோல்போர் மறைவுல எத்தனை நாய் சத்தமில்லாம செத்துச்சுன்னு நாம யாரும் கணக்கு வைக்கலை. ஏழாவது மாடி நாய்க்கு ஊரும் தெருவும் எல்லாம் நாமதான். தனிமை என்னன்னு ஊரை விட்டு வந்த நமக்கா சொல்லணும்?

செலவு நிஜம்தான், மறுக்கலை. மணிக்கு ஆன பில்லைப் பார்த்துத் தங்கமணி ஒரு நிமிஷம் பேசலை. முடியாதவங்களுக்கு இங்கே நாராயணகுடாவுல அரசு கால்நடை மருத்துவமனை இருக்கு, ராஜேந்திரநகர்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னையில 1903-ல ஆரம்பிச்ச வேப்பேரி கல்லூரியை உங்களுக்கே தெரியும். ஆனா தடுப்பூசியும் உண்ணி மருந்தும் ஒழுங்கா போட்டிருந்தா இந்தப் பில்லு பெரும்பாலும் வந்திருக்காது. சிக்கனம்னு நினைச்சு ஒத்திப்போட்டதுக்கு வட்டியோட கட்டினோம்.

அசோசியேஷன் மக்களுக்கும் ஒரு வார்த்தை. அடுக்ககத்துல வளர்ப்புப் பிராணியே கூடாதுன்னு தடை போட முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015-லயே வழிகாட்டுதல் கொடுத்தாச்சு. அதே சமயம் நாய் வச்சிருக்கிற நாமும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்க முடியாம அழுததை நினைக்கணும். அவங்க புகார் பொய் இல்லை. ஏன் குரைக்குதுன்னுதான் யாருமே கேட்கலை, நான் உட்பட.

பட்டினி கிடக்கும்னு தெரிஞ்சே ஒரு பிராணியைக் கைவிடுறது 1960 வதைத்தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும். மாதாப்பூர்ல ரெண்டு டீக்கு மேல வராது. சட்டம் நம்மளைத் தடுக்கப் போறதில்லை. நம்ம வீட்டுப் புள்ளைங்க பார்த்துக்கிட்டு இருக்காங்கங்கிறதுதான் தடுக்கணும். வலிக்குதுன்னு கத்தினவனை வீட்டை விட்டு அனுப்பிடலாம்னு என் பொண்ணு எங்கிட்ட இருந்து கத்துக்க இருந்தா. ஒரு தடுப்பூசிச் சீட்டு தொலைஞ்சு போனதால அது தப்பிச்சது.

மணிக்கு 28 நாள் டாக்சிசைக்ளின், காதுக்குச் சொட்டு மருந்து. பத்தாம் நாளே வால் ஆடிச்சு. தோட்டக்காரருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன், சிரிச்சுட்டு வச்சுட்டார். இப்போ மத்தியானம் ஒரு பையன் வந்து அரை மணி நேரம் கூட்டிட்டுப் போறான். வாரத்துல ரெண்டு நாள் நான் வீட்டுல இருந்து வேலை. கிளம்பும்போது அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு வெளியே போய்த் திரும்பி வந்து, மெல்ல மெல்லப் பழக்கினோம். குரைச்சல் முழுசா நிக்கலை, பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. சோபா காய்ஞ்சிருக்கு.

மாமியார் போன மாசம் வந்திருந்தாங்க. முதல் நாள் கால் மேல ஏத்திக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாங்க. நாலாம் நாள் பார்த்தா மணி அவங்க காலடியில தூங்குறான், இவங்க யாரும் பார்க்கலைன்னு நினைச்சு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கிட்டிருக்காங்க. பக்கத்துக் கிண்ணத்துல சாம்பார் இருந்தது. அதைத் தொடலை. நல்லாப் பாடம் எடுத்திருக்கா என் பொண்ணு.