புதையல் வேட்டையும் பத்து ரூபாய் சட்டமும்

ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் வழியாகப் போனால் வெம்பக்கோட்டை. அங்கே வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 மார்ச்சில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், பாசிமணி, சுடுமண் பொம்மை என்று ஆயிரக்கணக்கில் பொருட்கள் கிடைத்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இதைப் பேசிக்கொண்டு வந்தபோது நண்பன் கேட்டான்: "டேய், ஆன்லைன்ல ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிட்டு நாமளும் ராத்திரி போனா என்னடா?"

சிரித்துவிட்டேன். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லைங்க.

கரூரைப் பாருங்கள். அமராவதி ஆற்று மணலைச் சலித்து, கிடைத்த ரோமானியக் காசுகளை வியாபாரிகளிடம் விற்றது பல வருஷக் கதை. தமிழி எழுத்து பொறித்த மோதிரங்களும் சேரர் காசுகளும்கூட அப்படித்தான் வெளியே வந்தன. சேகரிப்பாளர்கள் வாங்கி வைத்ததால்தானே "மாக்கோதை", "கொல்லிப்புறை" காசுகள் நமக்குத் தெரிந்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்கள் இல்லாவிட்டால் சில காசுகள் உருகியே போயிருக்கும்.

ஆனால் ஆற்று மணல் வேறு, கலையாத மேடு வேறு. 1945-ல் அரிக்கமேட்டில் வீலர் என்ன செய்தார்? இத்தாலியில் செய்த பானை ஓடுகள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தன என்று பார்த்தார். அவற்றின் காலம் ஏற்கெனவே தெரியும். அதை வைத்து அதே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொன்னார். ராத்திரியில் ஒருத்தன் குழி தோண்டிக் காசை மட்டும் உருவியிருந்தால் இந்தக் கணக்கே போடமுடியாது. காசைத் திரும்ப வாங்கிவிடலாம், கலைந்த அடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறை. சரி, தெரிவித்தால்? அரசு எடுத்துக்கொள்ளும்போது அந்த உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். தங்கம் என்றால் பரவாயில்லை. செம்புக் காசுக்கு? பழைய பாத்திரக் கடை விலைதான்! வியாபாரி கூடக் கொடுப்பான் என்றால் எந்த ஏழை கலெக்டர் ஆபீஸ் படி ஏறுவான்?

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட ரோமானிய இடங்களில் அனுமதியில்லாமல் டிடெக்டர் ஓட்டினால் குற்றம். அதே நேரம், 1996 சட்டப்படி புதையலை ஒப்படைத்து அது அருங்காட்சியகத்துக்குப் போனால் சந்தை விலையையே பரிசாகக் கொடுக்கிறார்கள். ஒரு கையில் பிரம்பு, ஒரு கையில் மிட்டாய். நம்மிடம் பிரம்பு மட்டும்தான், அதுவும் துருப்பிடித்தது.

என் கருத்து இதுதான். தொல்லியல் மேடுகளில் டிடெக்டரோடு நுழைவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தற்செயலாகக் கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குச் சந்தை விலை தர வேண்டும். கிடைத்த இடத்தையும் அவர் பெயரையும் அருங்காட்சியகத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ டிடெக்டர் வேண்டாமா?" என்றான். வேண்டாம்டா, அகழாய்வுக் குழியைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போவோம், பஸ் டிக்கெட் என் செலவு!