கல்விக்கணக்கில் மனநலத்துக்கும் இடம் வேண்டும்

கல்விக்கடன் கோரி வரும் குடும்பங்களைத் திருவனந்தபுரத்து வங்கிக் கிளைகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். கட்டணம், விடுதிச் செலவு, மாதத் தவணை என அனைத்தும் கணக்கிடப்படுகின்றன. படிக்கப்போகும் பிள்ளையின் மனநலம் மட்டும் எக்கணக்கிலும் இடம்பெறுவதில்லை. இது மாற வேண்டும் என்பதே நமது கருத்து.

உணர்ச்சிகளைத் தூண்டும் மூளைப் பகுதிகள் பதின்பருவத் தொடக்கத்திலேயே வேகம் பெறுகின்றன. திட்டமிடுதலையும் தன்னடக்கத்தையும் ஆளும் முன்மூளைப் பகுதியோ ஏறத்தாழ 25 வயதளவில்தான் முழு முதிர்ச்சி அடைகிறது. பயன்படாத நரம்பிணைப்புகள் கழிந்து, பயன்படுபவை வலுப்பெறுவதும் இக்காலத்தில்தான். கற்றலுக்கு உகந்த இப்பருவமே நீடித்த மனஅழுத்தம், தூக்கமின்மை, போதைப்பொருள் ஆகியவற்றால் எளிதில் பாதிக்கப்படும் பருவமும் ஆகும். 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினருள் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. நாற்பது பேர் பயிலும் வகுப்பில் ஏறக்குறைய மூவர் என இதனைக் கொள்ளலாம்.

இவர்களுள் பலர் சிகிச்சைக்கு வராமைக்குக் கூச்சமும் ஒரு காரணம். 1870இல் தொடங்கப்பட்ட அரசு மனநல மையம் அமைந்திருப்பதாலேயே, நம் நகரின் ஊளம்பாறை என்னும் பெயர் கேலிச்சொல்லாக வழங்குகிறது. அக்கேலியைக் கேட்டு வளரும் பிள்ளை தன் துயரை யாரிடம் சொல்லும்? தூக்கம் கெடுதல், நண்பர்களைத் தவிர்த்தல், படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ ஒதுக்கலாகாது. வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

உதவி எட்டும் தொலைவில்தான் உள்ளது. கேரள அரசின் 'திசா' சேவையை 1056 என்ற எண்ணிலும், தேசிய அளவிலான 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம்; பின்னதில் தமிழிலும் பேசலாம். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது அதன் வரம்புகளைக் கேட்டறிவது நன்று.

நலக்குறைவால் படிப்பு தடைப்பட்டால், கடனை எண்ணிப் பிள்ளையை நெருக்க வேண்டாம், கிளையை அணுகுங்கள். காலநீட்டிப்புக் கோர வழி உண்டு. தவணையைப் பின்னர் பேசித் தீர்க்கலாம், சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.