ஏலம் போகிறவனுக்கு வாய் கிடையாதா?

2025 டிசம்பர் 16. மயிலாடியில் ஒரு டீக்கடை. அபுதாபியில் நடக்கும் ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலம் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. கல்பட்டறையில் உளியை வைத்துவிட்டு வந்தவர்கள், வயலில் களை பறித்துக் கால் கழுவி வந்தவர்கள், காலை ஷிப்ட் முடிந்த மில் தம்பிகள், எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். காமரூன் கிரீன் என்ற ஆஸ்திரேலிய ஆட்டக்காரரைக் கல்கத்தா அணி 25 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. "எப்பா!" என்றது கடை முழுவதும்.

மனுஷனை ஏலம் போடுவது அநியாயம் என்று நான் சொன்னேன். ஒரு தம்பி திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, நமக்குக் கூலி கூட்டிக் கேட்கவே நாதியில்லை. கோடி வாங்குகிறவனுக்கு நீங்க வக்காலத்தா?" கடை சிரித்தது. நானும் சிரித்தேன்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தோழர்களே, அந்தக் கிரீனின் கைக்குப் போவது 25 கோடி அல்ல, 18 கோடி! பெரிய ஏலங்களுக்கு இடையில் நடக்கும் சிறு ஏலத்தில் வெளிநாட்டுக்காரர் எவ்வளவுக்குப் போனாலும் 18 கோடிக்கு மேல் அவருக்குக் கிடையாது என்று ஒரு ஷரத்து. மீதி 7 கோடியே 20 லட்சத்தை, ஆட்டக்காரர் நலனுக்கு என்று சொல்லிக் கிரிக்கெட் போர்டு எடுத்துக்கொள்ளும். விலை ஏறுகிறது அவன் உடம்புக்கு. ஏறிய விலை போகிறது இன்னொருவர் பெட்டிக்கு.

சந்தையில் வாழைக்குலை ஏலம் போகிறது. எந்த வியாபாரியிடம் போகிறோம் என்று குலை வாய் திறப்பதில்லை. ஆட்டக்காரன் வாய் திறந்தால் என்ன நடக்கும்? ரவீந்திர ஜடேஜாவைக் கேளுங்கள்.

2008-ல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவர் ஒருவர். அந்தப் பையன்களுக்கு ஏலம்கூட நடக்கவில்லை. அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டன. சம்பளம் முன்கூட்டியே நிர்ணயம். ஜடேஜா ராஜஸ்தான் அணியின் பங்குக்குப் போனார். பிறகு, புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் வேறு அணியிடம் பேசிப் பார்த்தார். நல்ல கூலி கிடைக்கும் இடத்தை விசாரித்தார், அவ்வளவுதான். அதற்குத் தண்டனை, 2010-ல் ஓர் ஆண்டு ஆடத் தடை!

2012 ஏலத்தில் சென்னையும் டெக்கானும் அவரை 20 லட்சம் டாலர் வரை ஏற்றிக்கொண்டு போயின. அதற்கு மேல் ஏலம் கேட்கக்கூடாது என்பது விதி. ஆகவே இரு முதலாளிகளும் மூடிய சீட்டில் இன்னொரு தொகை எழுதிக் கொடுத்தார்கள். சென்னை ஜெயித்தது. அந்தச் சீட்டுத் தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. அதில் ஒரு காசும் ஜடேஜாவுக்குக் கிடையாது, லீக்குக்குத்தான். 2025 நவம்பரில், முன்னே தடை வாங்கிக்கொடுத்த அதே ராஜஸ்தானுக்குச் சென்னை அணி அவரை மாற்றிக்கொடுத்தது. சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியானது. மாற்றத்துக்கு ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நிர்வாகங்கள் பேரம் பேசினால் அதற்குப் பெயர் வியாபாரம், ஆட்டக்காரனே பேசினால் குற்றம்!

பெரிய பெயர் உள்ளவருக்கே இப்படி. பெயர் இல்லாதவன் கதை? நம் சாய் சுதர்சனை 2022 ஏலத்தில் குஜராத் அணி எடுத்த விலை 20 லட்சம், அதாவது அடிமட்ட விலை. 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 ஓட்டம் அடித்தார். அதே ஆண்டு, ஊர்ப்போட்டியான தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்த விலை 21 லட்சத்து 60 ஆயிரம். கோடிகள் புரளும் ஐ.பி.எல். ஏட்டில் இருந்த விலையைவிட இது கூடுதல்! 2024-ல் 527 ஓட்டம் எடுத்தார். அடுத்த பெரிய ஏலம் நெருங்கி, கை நழுவிவிடுவார் என்ற பயம் வந்த பிறகே குஜராத் 8 கோடியே 50 லட்சம் கொடுத்து நிறுத்திக்கொண்டது. மூன்று ஆண்டுச் சுழற்சி முடியும்வரை வேறு வாசலுக்குப் போக வழியில்லாமல் கட்டிப்போட்டிருந்ததால்தானே அதுவரை 20 லட்சம்?

இதைச் சொன்னதும் மில் தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். "எங்க அக்கா கோயம்புத்தூர்ப் பக்கம் சுமங்கலித் திட்டத்திலே போனவ அண்ணாச்சி. மூணு வருஷம் முடிச்சாத்தான் மொத்தப் பணம்னான். ரெண்டே முக்கால் வருஷத்திலே நிறுத்திட்டான்" என்றான். அவளுடைய பட்டினியும் சாய் சுதர்சனின் சம்பளமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அது அந்தப் பெண்ணுக்கு அவமானம். கட்டிய கயிறு ஒரே கடையில் வாங்கியது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலாளிகளிடம் ஒரு வாதம் உண்டு. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பணக்கார அணி எல்லோரையும் அள்ளிக்கொள்ளும், ஆட்டம் சப்பென்று போய்விடும் என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. செலவுக்கு வரம்பு இருப்பதால்தான் எல்லா அணிக்கும் ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது. சரி, சம்பளத்துக்கு வரம்பு கட்டினீர்கள், லாபத்துக்குக் கட்டினீர்களா? 2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விற்றது. ஆண்டுக்கு 9,678 கோடி. 2025-ல் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குத் தரக்கூடிய மொத்த உச்சவரம்பு, ஆட்டத்துக்கு ஆட்டம் தரும் படியும் சேர்த்து, 146 கோடி. பத்து அணிக்கு 1,460 கோடி. ஒளிபரப்பில் மட்டும் வரும் நூறு ரூபாயில், வெயிலில் ஓடுகிறவனுக்குப் பதினைந்து ரூபாய்! டிக்கெட்டும் சட்டை விளம்பரமும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்த வரம்பும் வேண்டியபோது வளையும். ஐந்து ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியர், சர்வதேச ஆட்டமே ஆடாத புதுமுகத்துக்குச் சமம் என்று 2025 சீசனுக்குப் பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தார்கள். உலகக் கோப்பை வென்ற தோனி புதுமுகமானார்! 4 கோடியில் அவரை வைத்துக்கொண்டு, மிச்சப்பட்ட பணத்தில் சென்னை அணி வேறு ஆள் தேடலாம் அல்லவா?

இதெல்லாம் மாற்ற முடியாத விதியா? ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கே உரிய ஒரு கால்பந்து ஆட்டம் உண்டு. 1982-ல் தெற்கு மெல்போர்ன் அணி சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. சில்வியோ ஃபொஸ்கினி என்ற இளைஞர் ஊரைவிட்டுப் போக விரும்பவில்லை; உள்ளூர் செயின்ட் கில்டா அணிக்கு ஆடக் கேட்டார். விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். தொழில் செய்யும் உரிமைக்குக் குறுக்கே நிற்கும் விதி செல்லாது என்று 1983-ல் தீர்ப்பு வாங்கினார். லீக் சும்மா இருக்குமா? 1986-ல் வேறு ரூபத்தில் கயிறு வந்தது: புது இளைஞர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. அங்கே கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் தேர்வு என்ற நியாயமாவது இருந்தது. ஆட்டக்காரர்களும் விடவில்லை. 1973-லேயே அவர்களுக்குச் சங்கம் உண்டு. எட்டு ஆண்டு ஓரிடத்தில் உழைத்தவன் தானே அணி தேடிக்கொள்ளலாம் என்ற உரிமை 2012-ல் வந்தது. வருமானத்தில் பங்கும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

நம் நாட்டில் இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர் சங்கம் என்று ஒன்று 2019-ல் பிறந்தது. யாருக்கு? ஓய்வு பெற்றவர்களுக்கு! ஆடிக்கொண்டிருக்கிறவனுக்குச் சங்கம் கிடையாது. வேலையை விட்டு நின்ற பிறகு சங்கத்தில் சேரலாம் என்று எந்த மில்லிலாவது கேட்டதுண்டா?

ஆகவே அந்தக் கோடீசுவரர்களுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்லலாம், நமக்கு அது பழகிய வார்த்தை: முதலில் சங்கம் வையுங்கள். இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027-ல் முடிகிறது. அடுத்த கணக்கைப் பேச போர்டும் பத்து அணி முதலாளிகளும் உட்காரும்போது, புதிதாய் வரும் முப்பது லட்ச ரூபாய்ப் பையன்களின் சார்பில் அதே மேஜையில் ஒரு நாற்காலி கேளுங்கள்.